இட்லியை நிறுத்தினால் முதல் வாரமே எடை குறைவது ஏன்?

கொல்லிமலை அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டி, முட்டைக்குப் பேர்போன நாமக்கல் மாவட்டத்து ஊர். அங்கே ஒருவர் சோறு, இட்லியை விட்டு முட்டையும் கறியுமாகச் சாப்பிடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே வாரத்தில் 2 கிலோ குறைகிறது. அவ்வளவும் கொழுப்பா?

இல்லை, பெரும்பகுதி தண்ணீர்!

பழைய வீடுகளை நினைத்துப் பாருங்கள். பாத்திரத்தில் ஊறும் அரிசி இன்றைக்கு. குதிரில் கிடக்கும் நெல் பஞ்சத்துக்கு. உடலிலும் அப்படித்தான். மாவுச்சத்து கிளைக்கோஜனாகிக் கல்லீரலிலும் தசையிலும் ஏறக்குறைய அரை கிலோ சேர்ந்திருக்கும். ஊறிய அரிசியைப் போல, அதன் ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்துவைத்திருக்கும். சோறு நின்றதும் முதலில் தீர்வது இதுதான். கூடவே தண்ணீரும் சிறுநீராகப் போய்விடும்.

சரி, கொழுப்புக் குதிர் எப்போது திறக்கும்?

அதன் பூட்டு இன்சுலின். மாவுச்சத்து குறைய, இன்சுலின் தணியும், கொழுப்பு கரையும். கல்லீரல் அதிலிருந்து கீட்டோன் என்ற எரிபொருளைத் தயாரித்து மூளைக்கும் ஊட்டும். புரதம் பசியை அடக்குவதால் சாப்பாட்டின் அளவும் தானே குறையும். எனக்கு இதுவே பெரிய காரணமாகப் படுகிறது. நியாண்டர் செல்வன் தமிழில் எழுதிப் பரப்பிய, மாவுச்சத்தைக் குறைக்கும் பேலியோ உணவுமுறை நடப்பதும் இவ்வழியில்தான்.

சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவரா நீங்கள்? மருத்துவரைக் கேட்காமல் தொடங்காதீர்கள். பழைய அளவு மருந்தே சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடலாம்.

இடையில் ஒருநாள் கல்யாண விருந்து சாப்பிட்டு 1 கிலோ ஏறினால் பதறவேண்டாம். அரிசி மறுபடி ஊறுகிறது.