இரண்டு ஆள் சேர்ந்தால் எத்தனை மணி நேரம்?

குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கிவிட்டால் தென்காசி, இலஞ்சி, குத்துக்கல்வலசைப் பக்கத்துக் கடைகளில் பொட்டலம் போட ஆள் போதாது. அது ஓயும் முன்பே ஓணத்துக்குப் புளியரை வழியாகக் கேரளத்துக்குப் போகும் சரக்கு வேறு நெருக்கும். அப்படி ஒரு நாளில் துவரம்பருப்பு 480 பொட்டலம் கட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பழைய ஆள் தனியாகக் கட்டினால் 8 மணி நேரம் ஆகும். புதுப் பையன் தனியாகக் கட்டினால் 16 மணி நேரம் ஆகும். இருவரும் சேர்ந்து உட்கார்ந்தால் எப்போது முடியும்? லாரிக்காரருக்கு என்ன நேரம் சொல்வது?

நம் அன்பர்களில் பலர் 8-ஐயும் 16-ஐயும் கூட்டி, இரண்டால் வகுத்து, 12 மணி நேரம் என்று சொல்லிவிடுகிறார்கள். பழைய ஆள் ஒருவரே 8 மணி நேரத்தில் முடித்துவிடுவாரே! துணைக்கு ஒருவர் வந்ததும் வேலை நீளுமா?

நேரத்தைக் கூட்டக் கூடாது. ஒரு மணி நேரத்தில் ஒவ்வொருவரும் செய்யும் வேலையைத்தான் கூட்ட வேண்டும். பழையவர் மணிக்கு 60 பொட்டலம், பையன் 30. சேர்ந்தால் 90. 480-ஐ 90-ஆல் வகுத்தால் 5 மணி 20 நிமிடம். அவ்வளவுதான் சூட்சுமம்.

பொட்டலத்தின் எண்ணிக்கை தெரியாவிட்டாலும் கணக்கு நிற்காது. நம் பெரியவர்களின் வீசக் கணக்கு இதற்கென்றே அமைந்தது போல இருக்கிறது. மொத்த வேலையை 16 வீசம் என்று கொள்ளுங்கள். 8 மணி நேரத்து ஆள் மணிக்கு அரைக்கால், அதாவது 2 வீசம் முடிப்பார். 16 மணி நேரத்து ஆள் 1 வீசம் முடிப்பார். இருவருமாக மணிக்கு 3 வீசம். 16-ஐ 3-ஆல் வகுத்தால் அதே 5 மணி 20 நிமிடம்தான். ஒருவர் 4 மணி நேரம், மற்றவர் 6 மணி நேரம் என்றால் வீசம் உதவாது. இரண்டாலும் மீதியின்றி வகுபடும் 12 பங்காக வேலையைக் கொள்ளலாம்.

விடை சரியா என்று பார்க்க ஒரு குறுக்குவழி உண்டு. இருவர் சேர்ந்து செய்யும் நேரம், வேகமானவர் நேரத்தில் பாதிக்கு மேலாகவும் மெதுவானவர் நேரத்தில் பாதிக்குக் கீழாகவும் இருக்கும். இங்கே 4-க்கும் 8-க்கும் இடையில். அதைத் தாண்டினால் எங்கோ தவறு.

பாஸ்கராச்சாரியார் 1150-இல் எழுதிய லீலாவதியிலேயே இந்தக் கணக்கு இருக்கிறது. நம் ஐந்தருவியைப் பார்த்துவிட்டு எழுதினாரோ என்று தோன்றும். ஆனால் அவர் சொன்னது நான்கு ஊற்று. ஒரு தொட்டியைத் தனித்தனியே நிரப்ப அவற்றுக்கு ஒரு நாள், அரை நாள், மூன்றில் ஒரு நாள், ஆறில் ஒரு நாள் ஆகும். நான்கையும் திறந்துவிட்டால் ஒரு நாளில் 1, 2, 3, 6 ஆக 12 தொட்டி நிரம்பும். எனவே ஒரு தொட்டிக்கு நாளில் பன்னிரண்டில் ஒரு பங்கு. நாழிகையில் சொன்னால் ஐந்து, நம் கடிகாரத்தில் 2 மணி நேரம். இன்றைக்கும் அரசுத் தேர்வு எழுதும் பிள்ளைகள் இதைத்தான் படிக்கிறார்கள்.

கடையில் கணக்கு இவ்வளவு நேராக வராது. பையன் 2 மணி நேரம் தாமதமாக வந்தால்? அதற்குள் பழையவர் 120 கட்டியிருப்பார். மிச்சம் 360, இருவருக்கும் 4 மணி நேரம். ஆக மொத்தம் 6. கட்டிக்கொண்டிருக்கும்போதே கவுண்டரில் மணிக்கு 30 பொட்டலம் விற்றுப் போனால், அது தொட்டியில் ஓட்டை மாதிரி. மணிக்கு 60 தான் சேரும். 480 அடுக்க 8 மணி நேரம் ஆகிவிடும்.

கூலிக்கு வருவோம். இந்த வேலைக்கு மொத்தமாக 600 ரூபாய் பேசியிருந்தால் ஆளுக்கு 300 என்று பிரிப்பது நியாயமல்ல. கட்டியது 320, 160. கூலியும் 400, 200 என்றே பிரிய வேண்டும். ஆனால் நாள் சம்பளம் பேசி வைத்த பையனிடம் இந்தக் கணக்கைக் காட்டிச் சம்பளத்தைக் குறைப்பதை நான் ஒப்பமாட்டேன். இன்று 30 கட்டுகிறவன் ஆறு மாதத்தில் 60 கட்டுவான்.

புத்தகம் சொல்லாத ஒன்றும் இருக்கிறது. ஆளுக்கொரு தராசு இருந்தால்தான் மணிக்கு 90 வரும். ஒரே தராசு என்றால்? பருப்பைக் கொட்டி, கூட்டிக் குறைத்து எடையை நேராக்கப் பொட்டலத்துக்கு 45 விநாடி என்று கொண்டால், அந்தத் தராசு மணிக்கு 80-க்கு மேல் தள்ளாது. வேலை முடிய 6 மணி நேரம் ஆகும். அவசரம் என்று மணிக்கு 30 கட்டும் இன்னொரு ஆளைக் கூப்பிட்டால் அவரும் தராசுக்காகக் காத்து நிற்பார். நேரம் அதே 6 தான், கூலி மட்டும் கூடும். அவரை உட்கார வைப்பதற்கு முன்னால் பக்கத்துக் கடையில் ஒரு தராசு கேட்டு வாங்கி வையுங்கள். மூவரும் மணிக்கு 120 கட்டுவார்கள், 4 மணி நேரத்தில் லாரி ஏறிவிடும்.