ஆளி விதை சாப்பிட்டால் மாரடைப்பு வராதா? பிரஷர் மாத்திரையை நிறுத்தும் முன் இதைப் படியுங்க!

முன்பெல்லாம் நாட்டு மருந்துக் கடையில் ஏதோ ஒரு மூலையில் சாக்கில் கிடந்த விதை அது. இன்றைக்கு சூப்பர் மார்க்கெட்டில் கண்ணாடி பாட்டிலில் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது. பெயர் ஆளி விதை. வட மாநிலங்களில் 'அல்சி' என்பார்கள். இங்கிலீஷில் 'பிளாக்ஸ் சீட்'.

"தினமும் ஒரு ஸ்பூன் சாப்பிட்டா போதும், மாரடைப்பு கிட்டவே வராது", "கொழுப்பு அப்படியே கரைஞ்சிடும்", "பிரஷர் மாத்திரையே தேவையில்லை" என்று செல்போனில் தினமும் மெசேஜ் வருகிறது. அதை நம்பி, "நான் மாத்திரையை நிறுத்திட்டேன் சார், ஆளி விதைப் பொடிதான் சாப்பிடறேன்" என்று டாக்டரிடம் போய்ச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள்.

இதில் எது உண்மை? எது கட்டுக்கதை? ஆளி விதையில் விஷயம் இருக்கிறது. ஆனால் அது மாத்திரைக்குத் துணை. மாத்திரைக்குப் பதில் அல்ல. அதைத் தெரிந்துகொள்ளாமல் சாப்பிட்டால் லாபத்தை விட நஷ்டமே அதிகம்.

உள்ளே என்ன இருக்கிறது?

ஆளி விதை எள்ளை விடச் சற்றுப் பெரியது. தட்டையாக, ஒரு முனை கூராக, பழுப்பு நிறத்தில் பளபளவென்று இருக்கும். பொன் நிறத்திலும் ஒரு வகை உண்டு. நம் நாட்டில் மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஜார்க்கண்ட், பீகார், மகாராஷ்டிரம் பக்கம் குளிர்காலப் பயிராக விளைகிறது. இந்தச் செடியின் தண்டில் இருந்து எடுக்கும் நாரில் நெய்வதுதான் 'லினன்' துணி.

100 கிராம் விதையில் சுமார் 42 கிராம் கொழுப்பு, 27 கிராம் நார்ச்சத்து, 18 கிராம் புரதம் இருக்கிறது. "இவ்வளவு கொழுப்பா?" என்று பயப்பட வேண்டாம். அந்தக் கொழுப்பில் பாதிக்கு மேல் ஒமேகா-3 என்ற நல்ல கொழுப்பு. நம் உடம்பு இதைத் தானாகத் தயாரிக்காது. சாப்பாட்டில் இருந்துதான் கிடைக்க வேண்டும்.

இதோடு 'லிக்னான்' என்ற சத்தும் ஆளி விதையில் மிக அதிகம்.

கொழுப்பு எப்படிக் குறைகிறது?

ஆளி விதையைத் தண்ணீரில் போட்டால் சிறிது நேரத்தில் வழவழவென்று ஆகிவிடும். அந்த வழவழப்புதான் கரையும் நார்ச்சத்து.

நாம் சாப்பிடும் கொழுப்பைச் செரிக்க, கல்லீரல் பித்தநீரைச் சுரக்கிறது. வேலை முடிந்ததும் அந்தப் பித்தநீரின் பெரும்பகுதி குடலில் இருந்து திரும்பவும் கல்லீரலுக்கே போய்விடும். ஆளி விதையின் வழவழப்பு, அதில் ஒரு பகுதியைப் பிடித்து மலத்தோடு வெளியே தள்ளிவிடுகிறது. போனதை ஈடுகட்ட கல்லீரல் புதுப் பித்தநீர் தயாரிக்க வேண்டும். அதற்கு மூலப்பொருள் கொலஸ்ட்ரால். அதை ரத்தத்தில் இருந்து எடுத்துக்கொள்கிறது. ரத்தத்தில் கெட்ட கொழுப்பு கொஞ்சம் குறைகிறது.

'கொஞ்சம்' என்பதைக் கவனிக்க வேண்டும். 28 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த கணக்கு 2009-ல் வெளியானது. முழு விதையில் உள்ள எல்லாச் சத்தும் சேரும்படி சாப்பிட்டவர்களுக்கு மொத்தக் கொலஸ்ட்ரால் 8 புள்ளி, கெட்ட கொலஸ்ட்ரால் 6 புள்ளி அளவுக்குக் குறைந்தது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கும், ஏற்கெனவே கொழுப்பு அதிகம் உள்ளவர்களுக்கும் பலன் சற்றுக் கூடுதல். ஆனால் ஆளி விதை எண்ணெயை மட்டும் சாப்பிட்டவர்களுக்குக் கொலஸ்ட்ரால் குறையவில்லை. காரணம், எண்ணெயில் நார்ச்சத்து கிடையாது.

டாக்டர் எழுதித் தரும் கொலஸ்ட்ரால் மாத்திரை, கெட்ட கொழுப்பில் மூன்றில் ஒரு பங்கு, அதற்கு மேலும்கூடக் குறைக்கும். 6 புள்ளி எங்கே, இது எங்கே?

பிரஷர் 10 புள்ளி இறங்கியது

ஆளி விதைக்குப் பெரிய பெயர் வாங்கிக் கொடுத்தது கனடா நாட்டு ஆய்வு. வின்னிபெக் நகரில் உள்ள செயின்ட் போனிபேஸ் ஆஸ்பத்திரி ஆராய்ச்சியாளர்கள் இதை நடத்தினார்கள். முடிவு 2013-ல் வெளியானது.

இதில் கலந்துகொண்டவர்கள் 110 பேர். எல்லோருக்கும் கால் ரத்தக்குழாயில் அடைப்பு. கொஞ்ச தூரம் நடந்தாலே கெண்டைக்கால் பிடித்து வலிக்கும், நின்றால் சரியாகும், திரும்ப நடந்தால் திரும்ப வலிக்கும். பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கு அதிகம் வரும் நோய் இது. காலில் அடைப்பு இருந்தால் இதயத்திலும் இருக்க வாய்ப்பு அதிகம்.

இவர்களை இரண்டு கோஷ்டியாகப் பிரித்தார்கள். ஒரு கோஷ்டிக்குத் தினமும் 30 கிராம் பொடித்த ஆளி விதை கலந்த ரொட்டி, மஃபின் போன்ற தின்பண்டம். இன்னொரு கோஷ்டிக்கு அதே மாதிரி தின்பண்டம், ஆளி விதை மட்டும் இருக்காது. யாருக்கு எது போகிறது என்று சாப்பிட்டவருக்கும் தெரியாது, பரிசோதித்தவருக்கும் தெரியாது.

ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், ஆளி விதை சாப்பிட்டவர்களின் மேல் பிரஷர் மற்றவர்களை விட சுமார் 10 புள்ளி குறைவு. கீழ் பிரஷர் சுமார் 7 புள்ளி குறைவு. ஆரம்பத்திலேயே 140-க்கு மேல் இருந்தவர்களுக்கு மேல் பிரஷர் 15 புள்ளி வரை இறங்கியது.

இங்கேதான் செல்போன் மெசேஜ் ஒரு விஷயத்தை விழுங்கிவிடுகிறது. அந்த 110 பேரில் பெரும்பாலானவர்கள் ஏற்கெனவே பிரஷர் மாத்திரை சாப்பிட்டுக் கொண்டிருந்தவர்கள். அதை நிறுத்திவிட்டு ஆளி விதைக்கு வரவில்லை. மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிட்டார்கள்.

கொழுப்பிலும் இதே கதைதான். அதே ஆய்வில், கொலஸ்ட்ரால் மாத்திரையோடு ஆளி விதையும் எடுத்தவர்களுக்கு ஒரு வருடம் முடிந்தபோது கெட்ட கொழுப்பு மேலும் 8 சதவீதம் போலக் குறைந்திருந்தது. இரண்டும் கைகோத்தபோது கிடைத்த பலன் இது.

இன்னொன்று. எல்லா ஆய்விலும் இவ்வளவு இறங்கவில்லை. 15 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது மேல் பிரஷரில் சராசரியாக 3 புள்ளிதான் குறைந்திருந்தது. மூன்று மாதத்துக்கு மேல் விடாமல் சாப்பிட்டவர்களுக்குத்தான் பலன் தெரிந்தது. நாலு நாள் சாப்பிட்டுவிட்டு பிரஷர் மெஷினைத் தேடினால் ஏமாற்றம்தான்.

ஆளி விதை சாப்பிட்டதால் மாரடைப்பே வரவில்லை என்று நிரூபித்த ஆய்வு இதுவரை கிடையாது. மாரடைப்புக்குக் காரணமான பிரஷர், கொழுப்பு இரண்டையும் கொஞ்சம் குறைக்கும். அவ்வளவுதான் சொல்ல முடியும்.

முழுசாக விழுங்கினால் வீண்

பலர் செய்யும் தப்பு இது. ஒரு ஸ்பூன் விதையை அப்படியே வாயில் போட்டுத் தண்ணீர் குடித்துவிடுகிறார்கள். ஆளி விதையின் தோல் கெட்டியானது. முழு விதை, உள்ளே போன மாதிரியே வெளியே வந்துவிடும். மலச்சிக்கலுக்கு உதவலாம், உள்ளே இருக்கும் ஒமேகா-3 உடம்பில் சேராது. பொடித்துச் சாப்பிட்டால்தான் பலன்.

வெறும் வாணலியில் சிறு தீயில், படபடவென்று வெடிக்கும் வரை வறுத்து, ஆறவிட்டு மிக்சியில் பொடிக்கலாம். மாதக் கணக்கில் பொடித்து வைக்கக் கூடாது. பொடித்த பிறகு காற்றுப் பட்டால் எண்ணெய் சிக்குப் பிடித்துக் கசக்கும். ஒரு வாரத்துக்கு மட்டும் பொடித்து, இறுக மூடிய டப்பாவில், பிரிட்ஜ் இருந்தால் அதில் வையுங்கள். காறல் வாடை வந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

மகாராஷ்டிரத்தில் 'ஜவஸ் சட்னி', வட கர்நாடகத்தில் 'அகசெ சட்னிப் பொடி', ஆந்திரா, தெலங்கானாவில் 'அவிசெ கிஞ்சலு' பொடி என்று ரொட்டிக்கும் சோற்றுக்கும் தொட்டுக்கொள்வது ஆளி விதைதான். நம் வீட்டில் இட்லிப் பொடி வறுக்கும்போது உளுந்து, மிளகாயோடு சேர்க்கலாம். உப்பில் மட்டும் கை வைக்காதீர்கள். பிரஷருக்கு உப்புதான் முதல் எதிரி.

அதற்காக இட்லிப் பொடியே போதும் என்று நினைக்க வேண்டாம். ஒரு ஸ்பூன் பொடியில் ஆளி விதை இரண்டு, மூன்று கிராம்தான் இருக்கும். கனடாவில் கொடுத்தது 30 கிராம். அதாவது நாலு பெரிய ஸ்பூன் பொடி. கொலஸ்ட்ரால் குறைய ஒரு நாளைக்கு 40 கிராம் என்று கனடா அரசு 2014-ல் கணக்குச் சொன்னது. அதையும் மூன்று வேளையாகப் பிரித்துச் சாப்பிட வேண்டும்.

எடுத்த எடுப்பில் அவ்வளவும் வேண்டாம். வயிறு உப்பும், வாயு தொல்லை கொடுக்கும், பேதியும் ஆகலாம். முதல் வாரம் தினம் ஒரு சின்ன ஸ்பூன். பிறகு மெதுவாக ஒன்று, இரண்டு பெரிய ஸ்பூனுக்கு வாருங்கள். மோரில், கேழ்வரகுக் கூழில், சப்பாத்தி மாவில், பொரியலில் கலந்துகொள்ளலாம். 30 கிராமில் சுமார் 160 கலோரி இருக்கிறது. வழக்கமான சாப்பாட்டுக்கு மேல் கூடுதலாகச் சாப்பிட்டால் எடை போடும்.

தண்ணீர் கட்டாயம்

எப்போது சாப்பிட்டாலும் ஒரு டம்ளர் தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். தண்ணீர் இல்லாமல் சாப்பிட்டால் குடலில் பசை மாதிரி கட்டிக்கொண்டு மலச்சிக்கல் அதிகமாகும். அடைப்புகூட ஏற்படலாம். வெயிலில் வேலை பார்ப்பவர்கள் இதை மறக்கவே கூடாது.

கடையில் ஏமாறாதீர்கள்

நாட்டு மருந்துக் கடையில் 'ஆலி விதை' என்று இன்னொன்றும் விற்கிறார்கள். வடக்கே 'ஹலீம்' என்பார்கள். பெயர் ஒன்று போலக் காதில் விழுவதால் மாற்றிக் கொடுத்துவிடுவது உண்டு. அது சிறியதாக, சற்று நீண்டு, செங்கல் நிறத்தில் இருக்கும். தண்ணீரில் போட்டால் அதுவும் வழவழப்பாகும் என்பதால் ஊறவைத்துக் கண்டுபிடிக்க முடியாது. "அல்சி கொடுங்க" அல்லது "பிளாக்ஸ் சீட் கொடுங்க" என்று கேளுங்கள். தட்டையாக, பளபளப்பாக இருக்கிறதா என்று பாருங்கள்.

ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் 'லின்சீட் ஆயில்' ஆளி விதை எண்ணெய்தான். ஆனால் அது மரச்சாமானுக்கும், பெயிண்டுக்கும், கிரிக்கெட் மட்டைக்கும் பூசுவது. சீக்கிரம் காய வேண்டும் என்று ரசாயனம் சேர்த்திருப்பார்கள். மறந்தும் வாயில் வைக்கக் கூடாது.

யார் டாக்டரைக் கேட்க வேண்டும்?

ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் போன்ற மாத்திரை சாப்பிடுபவர்கள், கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள், குடல் ஆபரேஷன் ஆனவர்கள், விழுங்கக் கஷ்டப்படுபவர்கள் ஆகியோர் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. பிரஷர், சுகர் மாத்திரை சாப்பிடுபவர்களும் சொல்லிவிட்டுத் தொடங்குவது நல்லது. அளவு இறங்கினால் மாத்திரையைக் குறைப்பதா வேண்டாமா என்று டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். வழவழப்பு மாத்திரையை உறிஞ்ச விடாமல் தடுக்கலாம் என்பதால், மாத்திரைக்கும் ஆளி விதைக்கும் ஒன்றிரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

மத்தி மீன் சாப்பிடுபவர்களுக்கு...

மீனில் உள்ள ஒமேகா-3 வேறு, ஆளி விதையில் உள்ளது வேறு. ஆளி விதையில் இருப்பதை நம் உடம்பு மீன் வகையாக மாற்றிக்கொள்வது மிகக் குறைவு. வாரத்தில் இரண்டு நாள் மத்தி, அயிலை குழம்பு வைத்துச் சாப்பிடுபவர்களுக்கு அந்தச் சத்து நேராகவே கிடைத்துவிடும். பாட்டிலில் அடைத்து விலை ஏற்றி விற்கும் விதைக்காகக் கடன் வாங்க வேண்டியதில்லை. சைவம் சாப்பிடுபவர்களுக்கு ஆளி விதை நல்ல வழி. பாதாம், வால்நட்டை விட மலிவும்கூட.

நிறுத்தினால் என்ன ஆகும்?

பிரஷர் மாத்திரையை நிறுத்தினால் அன்றைக்கே ஒன்றும் தெரியாது. தலை வலிக்காது, மயக்கம் வராது. "பொடி நல்லா வேலை செய்யுது" என்று தோன்றும். உள்ளே பிரஷர் ஏறிக்கொண்டே இருக்கும். ஒருநாள் திடீரென்று பக்கவாதமோ மாரடைப்போ வந்த பிறகுதான் வீட்டுக்காரர்களுக்கு விஷயமே தெரியும். சம்பாதிக்கிறவர் படுத்துவிட்டால் அந்தக் குடும்பத்தின் கதி என்ன?

அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரஷர் பார்ப்பதும் இலவசம், மாத்திரையும் இலவசம். ஆளி விதை வாங்கும் முன் அங்கே போய் பிரஷர் எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள். மூன்று மாதம் மாத்திரையோடு பொடியும் சாப்பிட்டுவிட்டுத் திரும்பவும் பாருங்கள். பலன் இருக்கிறதா என்பதை மெசேஜ் சொல்ல வேண்டாம், மெஷினே சொல்லிவிடும்.

நெஞ்சில் பாறாங்கல்லை வைத்த மாதிரி அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குப்பென்று வியர்வை இருந்தால் பொடி டப்பாவைத் தேடாதீர்கள். "வாயுவா இருக்கும்" என்று சோடா குடித்துவிட்டுப் படுக்காதீர்கள். உடனே 108-க்கு போன் போடுங்கள். அந்த நேரத்தில் ஒவ்வொரு நிமிடமும் உயிர்.