மின்னி மின்னி நின்றுபோன வேப்

லண்டனில் ஈஸ்ட்ஹாம், ஹரோ, டூட்டிங் பக்கம் மூலைக்கடை வைத்திருக்கும் நம்மவர்களுக்கு இந்தப் புகார் நன்றாகப் பழகிப்போன ஒன்று. வாடிக்கையாளர் பேனா அளவிலான ஒரு பிளாஸ்டிக் குழாயைக் கவுண்டரில் வைத்து, “நேற்றுத்தான் வாங்கினது, வேலை செய்யுதில்லை” என்பார். கடைக்காரரும் அதை வாங்கி, திருப்பிப் பார்த்து, ஆட்டிப் பார்த்து, கடைசியில் காசைத் திருப்பிக் கொடுப்பார், அல்லது சண்டை பிடிப்பார். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் பாதிச் சண்டை குறையும். தேத்தண்ணி ஒன்று போட்டுக்கொண்டு வந்து இருங்கள், ஆறுதலாகச் சொல்கிறேன்.

ஒருதரம் பாவித்து எறியும் வேப்பை (மின்சிகரெட்டை) விற்பது 2025 ஜூன் 1 முதல் பிரித்தானியா முழுவதும் தடை. அப்படியிருக்க இதை ஏன் இப்போது கதைக்க வேண்டும்? பழையவை இன்னும் இழுப்பறைகளிலும் ஜாக்கெட் பைகளிலும் கிடக்கின்றன. தடைக்குப் பிறகு விற்கும் சார்ஜ் ஏற்றும் வகைகளுக்கும் வயிறு அதேதான். ஆகவே வருத்தமும் அதேதான்.

உள்ளே பெரிய வித்தை ஒன்றும் இல்லை. அடியில் ஒரு சின்ன லித்தியம் பற்றரி. அதன் பக்கத்தில் காற்றோட்டத்தை உணரும் ஒரு சில்லு. நடுவில் பஞ்சோடு சேர்ந்த கம்பிச்சுருள். அதைத்தான் கொயில் என்கிறார்கள். பஞ்சில் ஊறியிருக்கும் திரவம் புரொப்பிலீன் கிளைக்கோலும் கிளிசரினும் நிக்கோட்டினும் வாசனையும் சேர்ந்த கலவை. வாயால் இழுக்கும்போது உள்ளே அழுத்தம் குறையும். சில்லு அதை உணர்ந்து மின்சாரத்தைத் திறந்துவிடும். கொயில் சூடேறித் திரவம் ஆவியாகும். பொத்தான் எதுவும் இல்லாமல் வேலை செய்வது இதனால்தான்.

இனி வேப்பில் மின்னும் வெளிச்சம். இழுத்தவுடன் பல தரம் மின்னி அணைந்தால், பெரும்பாலும் பற்றரி முடிந்துவிட்டது என்று அர்த்தம். பல வகைகள் ஒரே மூச்சில் எட்டுப் பத்து விநாடி இழுத்தாலும் மின்னிவிட்டு நிற்கும். அது பழுதல்ல, சூடு கூடாமலிருக்க வைத்த பாதுகாப்பு. “600 தரம் இழுக்கலாம் என்று பெட்டியில் போட்டிருக்கே, பாதி கூட வரவில்லையே” என்பவர்களுக்கும் ஒரு பதில் உண்டு. அந்தக் கணக்கு இயந்திரம் வைத்துச் சின்னச் சின்னதாக இழுத்து எடுத்தது. ஆசையாக நீட்டி இழுப்பவருக்கு அதில் பாதி கிடைத்தாலே பெரிது. சட்டப்படி ஒரு தொட்டியில் 2 மில்லிலீட்டர் திரவந்தான் இருக்கலாம், நிக்கோட்டின் மில்லிலீட்டருக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. அவ்வளவு திரவத்தை எத்தனை நாள் இழுக்க முடியும்?

புதிதாகப் பிரித்த வேப் இழுபடவே இல்லை என்றால், பதற முதல் இரண்டு முனையையும் பாருங்கள். வழியில் ஒழுகாமலிருக்க ரப்பர் மூடியோ ஒட்டுத்தாளோ வைத்திருப்பார்கள். அதைக் கழற்றாமலே கடைக்குத் திருப்பிக் கொண்டுவருபவர்கள் உண்டு. அடியில் இருக்கும் காற்றுத் துளையை விரலால் பொத்திக்கொண்டு இழுப்பவர்களும் உண்டு. குளிர்காலத்தில் இன்னொரு விஷயம்: குளிரில் திரவம் தடித்துவிடும், பற்றரியும் சோர்ந்துவிடும். வீட்டுக்குள் கொஞ்ச நேரம் வைத்தால் தானாகச் சரிவரும். ஹீட்டரின் மேல் வைக்கிற வேலை மட்டும் வேண்டாம்.

கருகல் சுவையைப் பற்றி ஒருக்கால் விபரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைத்தான் ஆட்கள் பொறுத்துக்கொண்டு இழுக்கிறார்கள். குத்துவிளக்கில் எண்ணெய் வற்றினால் திரியே எரியத் தொடங்குமல்லவா, கொயிலிலும் நடப்பது அதுதான். ஓயாமல் அடுத்தடுத்து இழுத்தால் பஞ்சு திரும்ப ஊறுவதற்கு நேரம் கிடைக்காது; சில நிமிடம் விட்டுவிட்டு இழுத்தால் சுவை திரும்பும். அதற்கும் திரும்பாவிட்டால் திரவம் முடிந்துவிட்டது, அல்லது பஞ்சு கருகிவிட்டது. ஒருதர வேப்பில் இரண்டுக்கும் மருந்து கிடையாது. காசு போகுதே என்று தொடர்ந்து இழுத்தால், வறண்ட கொயிலின் சூட்டில் அந்தக் கலவை சிதைந்து போர்மல்டிஹைட், அக்ரோலின் போன்ற நஞ்சுகள் உண்டாகும். தொண்டையைப் பிடிக்கிற அந்தக் காரம் ஒரு எச்சரிக்கை. எறிந்துவிட வேண்டிய நேரம் அதுதான்.

கொடகொட என்று சத்தம் வந்தாலோ வாயில் திரவம் தெறித்தாலோ, ஆவி குளிர்ந்து குழாயில் தேங்கியிருக்கிறது. வாய்ப்பக்கத்தைக் கீழே பிடித்து ஒரு ரிஷூவில் மெதுவாகத் தட்டினால் போதும். எதிர்ப்பக்கமாக ஊதித் தள்ள வேண்டாம். ஊதினால் திரவம் சில்லுக்குப் போய்விடும். வெயிலில் நிறுத்திய காரில் விட்டாலும், விமானத்தில் அழுத்தம் குறைந்தாலும் ஒழுகும். ஒழுகியதைத் துடைத்தபின் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள், நிக்கோட்டின் தோல் வழியாகவும் ஏறும். சிறுபிள்ளைகள் இருக்கும் வீட்டில் இது மருந்துப் போத்தலைப்போல உயரத்தில் இருக்க வேண்டிய பொருள்.

சில்லு நனைந்துவிட்டால் ஒன்று அது செத்துப்போகும், இல்லையேல் யாரும் இழுக்காமலே தானாக எரியத் தொடங்கும். வெளிச்சம் அணையாமல் நின்று, உடம்பு சுடுகிறதா? அதற்கு மேல் அதை ஆராயக்கூடாது. தீப்பிடிக்கக்கூடிய எதுவும் இல்லாத இடமாகப் பார்த்து வெளியே வைத்துவிடுங்கள். அதைக் காற்சட்டைப் பையில் மட்டும் வைத்திருக்காதீர்கள்.

“உள்ளே திரவம் மிச்சம் இருக்கே, பற்றரியை மட்டும் சார்ஜ் ஏற்றினால் என்ன?” யூடியூபில் இதற்கென்றே காணொளிகள் உண்டு. குழாயை உடைத்து, யூஎஸ்பி வயரை அறுத்து, நேரே பற்றரியில் பிடிக்கிறார்கள். இந்த லித்தியம் கலம் 4.2 வோல்டுக்கு மேல் தாங்காது. யூஎஸ்பியில் வருவது 5 வோல்ட். இடையில் நின்று மட்டுப்படுத்த வேண்டிய சுற்று ஒருதரம் பாவிக்கும் வேப்பில் வைக்கப்படவே இல்லை. வீங்கலாம், வெடிக்கலாம்.

ஆனால் கேள்வியில் நியாயம் இருக்கிறது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் இந்தக் கலங்களை வெளியே எடுத்து முறைப்படி சார்ஜ் ஏற்றிப் பார்த்தார்கள். 700 தடவைக்கு மேல் ஏற்றலாம் என்று 2023இல் எழுதினார்கள். எழுநூறு தரம் உழைக்கக்கூடிய ஒரு பொருளை ஒருதரம் பாவிக்கவென்று மூடி விற்றிருக்கிறார்கள். அதே ஆண்டு பிரித்தானியாவில் வாரத்துக்கு ஏறக்குறைய 50 லட்சம் வேப்புகள் வீசப்பட்டதாக மெட்டீரியல் ஃபோகஸ் அமைப்பு கணக்குச் சொன்னது. என்னைக் கேட்டால், மின்னுவதும் ஒழுகுவதும் சின்னப் பழுதுகள். திருத்த முடியாதபடி செய்து விற்றதுதான் பெரிய பழுது. தடை வந்தது சரி.

கடைக்காரருக்கு ஒரு வார்த்தை. இப்போது விற்கும் சார்ஜ் ஏற்றும் வகை பழுதாக இருந்தால், வாங்கி 30 நாளுக்குள் காசைத் திருப்பிக் கேட்கும் உரிமை 2015ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டத்தில் வாடிக்கையாளருக்கு உண்டு. பழைய ஒருதரப் பொருளைக் கவுண்டருக்குக் கீழே வைத்து விற்றால் இங்கிலாந்தில் முதல்தரம் 200 பவுண் தண்டம், தொடர்ந்தால் சிறை வரைக்கும் போகலாம். கலியாணம் காட்சி என்று ஊர்ப்பக்கம் போகிறவர்களும் கேளுங்கள். விமானத்தில் வேப்பைக் கைப்பையில்தான் வைக்கலாம், ஏற்றும் பெட்டியில் வைக்க விடமாட்டார்கள். ஆனால் சிங்கப்பூரில் 2018 முதல் அதைக் கையில் வைத்திருப்பதே குற்றம். இந்தியாவில் 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி கொண்டுவருவதும் விற்பதும் குற்றம்.

சிகரெட்டை விடுவதற்காக இதை எடுத்தவர் எடுக்கட்டும், சிகரெட்டைவிட இது தீங்கு குறைந்தது என்றுதான் இங்குள்ள சுகாதாரச் சேவையும் சொல்கிறது. புகைக்காதவருக்கும் பதினெட்டு வயதாகாத பிள்ளைகளுக்கும் இது தேவையே இல்லை.

முடிந்துபோன வேப்பைக் குப்பைவாளியில் போடாதீர்கள். குப்பை லொறியில் நசிந்தால் அந்தக் கலம் தீப்பிடிக்கும், இந்த நாட்டில் அப்படி எரிந்த லொறிகள் உண்டு. வேப் விற்கும் கடை பழையவற்றைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது சட்டம். பழையவை போடும் பெட்டி எங்கே என்று கேட்டு அதற்குள் போட்டுவிட்டு வாருங்கள்.