இலண்டன் திட்டமும் பொதுக் கருத்துக் கேட்பும்

இலண்டன் திட்டம் என்பது இங்கிலாந்தின் தலைநகர மண்டலமான பெரிய இலண்டனின் நில வளர்ச்சியை நெறிப்படுத்தும் சட்ட வலுவுள்ள ஆவணம் ஆகும். சட்டத்தில் இது இடஞ்சார் வளர்ச்சி உத்தி எனப்படுகின்றது. இலண்டன் மேயரே இதனை வரைந்து வெளியிடுகின்றார். ஏறத்தாழ 1,572 சதுர கிலோமீட்டர் பரப்பில் வாழும் 88 இலட்சம் மக்களுக்கு (2021 கணக்கெடுப்பு) எத்தனை வீடுகள் தேவை, அவை எங்கே அமையலாம், எந்த நிலத்தில் கட்டடம் எழுப்பக்கூடாது என்பவற்றை இது வரையறுக்கின்றது. இத்திட்டத்தின் வரைவு குறித்து எவரும் எழுத்தில் கருத்துக் கூறலாம். ஆனால் அதனை ஆராயும் பொது அமர்வில் பேசுவதற்கு எவருக்கும் உரிமை இல்லை. கருத்துக் கேட்பின் இவ்விரு முகங்களையும் இக்கட்டுரை விளக்குகின்றது.

பின்னணி

1986 ஏப்ரல் 1 அன்று மார்கரெட் தாட்சர் அரசு பெரிய இலண்டன் மன்றத்தைக் கலைத்தது. அதன் பின்னர் பதினான்கு ஆண்டுகள் நகரம் முழுவதற்குமான தேர்ந்தெடுக்கப்பட்ட அமைப்பு எதுவும் இருக்கவில்லை. 1998 மே மாதம் நடைபெற்ற பொது வாக்கெடுப்பில் வாக்களித்தோரில் 72 விழுக்காட்டினர் மேயரும் பேரவையும் வேண்டும் என்றனர். வாக்களிக்க வந்தவர்களோ மூன்றில் ஒரு பங்கினர் மட்டுமே. தொடர்ந்து பெரிய இலண்டன் அதிகார அமைப்புச் சட்டம், 1999 நிறைவேறியது. 2000ஆம் ஆண்டில் கென் லிவிங்ஸ்டன் முதல் மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவரது முதல் இலண்டன் திட்டம் 2004 பெப்ரவரியில் வெளிவந்தது. பின்னர் போரிஸ் ஜோன்சன் 2011இலும் சாதிக் கான் 2021இலும் புதிய திட்டங்களை வெளியிட்டனர்.

மேயர் மாறும்போது திட்டமும் மாறுவது வழமை. எடுத்துக்காட்டாக, புதிய வீடுகளில் பாதி கட்டுப்படியாகும் விலையில் அமைய வேண்டும் என்பது லிவிங்ஸ்டனின் இலக்கு. ஜோன்சன் அந்த விழுக்காட்டைக் கைவிட்டு, ஆண்டுக்கு 13,200 வீடுகள் என்னும் எண்ணிக்கையை வைத்தார்.

சட்ட வலு

இலண்டனில் பரோக்கள் எனப்படும் 32 உள்ளாட்சி மன்றங்களும் தனித்த நிலை கொண்ட இலண்டன் சிட்டியும் உள்ளன. கட்டட அனுமதி வழங்குவது பெரும்பாலும் இவையே. ஒவ்வொரு மன்றமும் தனக்கென ஓர் உள்ளூர்த் திட்டம் வைத்திருக்க வேண்டும். அது இலண்டன் திட்டத்துடன் பொதுவாக இசைந்திருத்தல் கட்டாயம். ஆகையால் மேயரின் ஆவணத்தில் ஓர் எண் மாறினால் ஏதோ ஒரு தெருமுனையில் கட்டப்படவிருக்கும் அடுக்ககத்தின் தலைவிதியும் மாறக்கூடும். நகரம் முழுவதற்கும் முதன்மையான விடயங்களை மட்டுமே இத்திட்டம் கையாளலாம் என்று சட்டம் வரம்பு கட்டியுள்ளது. எது நகரம் முழுவதற்குமானது, எது உள்ளூருக்கானது என்பதிலேயே பாதிச் சச்சரவுகள் தொடங்குகின்றன.

கருத்துக் கேட்பின் படிநிலைகள்

மேயர் முதலில் 25 உறுப்பினர்களைக் கொண்ட இலண்டன் பேரவையையும் போக்குவரத்து முதலிய தம் கீழுள்ள அமைப்புகளையும் கலந்தாலோசிக்கின்றார். அடுத்து வரைவு பொதுமக்கள் முன் வைக்கப்படுகின்றது. 2017 திசம்பர் 1 முதல் 2018 மார்ச் 2 வரை நடந்த கருத்துக் கேட்பு மூன்று மாதங்கள் நீடித்தது. தனியாள், குடியிருப்போர் சங்கம், கட்டுமான நிறுவனம், அண்டை மாவட்ட மன்றம் என யார் எழுதினாலும் அது பதிவில் சேரும். எனினும் வரைவு பல நூறு பக்கங்கள் கொண்டது. அதனைப் படித்துப் பொருள் கொள்ளவே பயிற்சி வேண்டும் என்பதால், ஊதியம் பெறும் ஆலோசகர்களை வைத்திருப்போரின் கை இங்கு ஓங்கி நிற்பது இயல்பே.

இதற்கடுத்த படி பொது ஆய்வமர்வு ஆகும். இதனை நடத்தும் ஆய்வுக்குழுவை மேயர் நியமிப்பதில்லை. நடுவண் அரசின் அமைச்சரே நியமிக்கின்றார். எந்தெந்தப் பொருள்கள் ஆராயப்படும், யார் அழைக்கப்படுவர் என்பதைக் குழு முடிவு செய்கின்றது. அமர்வில் பேசும் உரிமை எவருக்கும் இல்லை என்று 1999ஆம் ஆண்டுச் சட்டம் வெளிப்படையாகவே கூறுகின்றது. உள்ளூர்த் திட்ட விசாரணைகளில் மாற்றம் கோரி மறுப்புத் தெரிவித்தவர் நேரில் பேசக் கேட்டால் மறுக்க முடியாது. அதனுடன் ஒப்பிட்டால் இது பெரிய வேறுபாடு. கருத்துத் தெரிவித்த அனைவரையும் அழைத்தால் அமர்வு முடிவே காணாது என்பது இதற்குச் சொல்லப்படும் காரணம். காரணம் நடைமுறைக்கு ஏற்றதுதான். ஆயினும், கதவு யாருக்குத் திறக்கும் என்பது குழுவின் விருப்புரிமையாகி விடுகின்றது.

இந்தக் கதவைத் தாண்டுவதற்காகவே 2000களின் நடுப்பகுதியில் ஜஸ்ட் ஸ்பேஸ் என்னும் சமூகக் குழுக்களின் வலையமைப்பு உருவானது. சிறு குழுக்கள் தனித்தனியே எழுதுவதை விட, ஒன்றுகூடிச் சான்றுகளைத் திரட்டி ஒரு பொருளுக்கு ஒருவரை அனுப்பினால் மேசையில் இடம் கிடைக்கும் என்பது அதன் அணுகுமுறை. பல்கலைக்கழக ஆசிரியர்களும் மாணவர்களும் இதற்குத் துணைநின்றனர்.

அமர்வு முடிந்ததும் குழு அறிக்கை அளிக்கின்றது. அதன் பரிந்துரைகளை மேயர் ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஏற்காவிடில் அமைச்சருக்குக் காரணம் எழுதியனுப்ப வேண்டும். பேரவை மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளால் இறுதி வரைவை நிராகரிக்கலாம். இவை அனைத்திற்கும் பின்னர், தேசியக் கொள்கையுடன் பொருந்தவில்லை என்று கருதினால் அமைச்சர் மாற்றங்களுக்கு ஆணையிடலாம்.

சிறு மனைகள் பற்றிய சர்ச்சை (2017–2021)

கருத்துக் கேட்பு உண்மையில் எதையேனும் மாற்றுகின்றதா என்னும் கேள்விக்கு இந்நிகழ்வு நல்ல எடுத்துக்காட்டு ஆகும். ஆண்டுக்கு ஏறத்தாழ 66,000 வீடுகள் தேவை என்று மேயரின் மதிப்பீடு கூறியது. 2017 வரைவு ஏறத்தாழ 65,000 வீடுகளை இலக்காக வைத்தது. அவற்றுள் 24,573 வீடுகள் 0.25 எக்டேருக்குக் குறைந்த சிறு மனைகளில் எழும் என்று கணக்கிடப்பட்டிருந்தது. தொடர்வண்டி நிலையத்திலிருந்து 800 மீட்டருக்குள் உள்ள வீடுகளை இடித்தோ விரித்தோ பிரித்தோ கூடுதல் வீடுகளை உருவாக்கலாம் என்பதே இதன் அடிப்படை.

தனி வீடுகளும் தோட்டங்களும் நிறைந்த புறநகர் மன்றங்கள் இதனை எதிர்த்தன. தென்கிழக்கில் உள்ள புரோம்லிக்கு மட்டும் சிறு மனைகளில் ஆண்டுக்கு 1,029 வீடுகள் ஒதுக்கப்பட்டிருந்தன. தோட்டங்கள் அழியும், தெருக்களின் இயல்பு கெடும் என்னும் குரல்கள் எழுந்தன. மறுபுறம், வாடகை கட்ட இயலாத இளைஞர்களுக்கு வேறு எங்கே வீடு கட்டுவது என்னும் கேள்வியும் நியாயமானதே.

2019 சனவரி 15 முதல் மே 22 வரை மூன்று ஆய்வாளர்களைக் கொண்ட குழு இதனை ஆராய்ந்தது. அமர்வில் எடுபட்டது, அந்த எண் எவ்வாறு பெறப்பட்டது என்பது பற்றிய வாதமே. ஏற்கெனவே உள்ள வீடுகளில் ஒவ்வோர் ஆண்டும் ஒரு விழுக்காடு கூடுதலாகும் என்னும் ஊகத்தை மேயர் தரப்பு சூத்திரமாகப் பயன்படுத்தியிருந்தது. அந்த வேகம் நடைமுறையில் எட்டக்கூடியதன்று என்று குழு முடிவு செய்தது. 2019 அக்டோபர் அறிக்கையில் சிறு மனை இலக்கு ஏறத்தாழ 12,000 ஆகக் குறைக்கப்பட்டது. மொத்த இலக்கு பத்தாண்டுகளுக்கு 5,22,870 வீடுகள், அதாவது ஆண்டுக்கு ஏறத்தாழ 52,000 ஆனது. புரோம்லியின் சிறு மனைப் பங்கு 379 ஆக இறங்கியது. மேயர் இவ்வெண்களை ஏற்றுக்கொண்டார்.

ஆனால் இதனால் தேவை குறையவில்லை. 66,000க்கும் 52,000க்கும் இடையிலான இடைவெளியை எங்கே நிரப்புவது என்பதற்குக் குழு சொன்ன வழி, நகரப் பரப்பில் ஏறத்தாழ 22 விழுக்காடாக உள்ள பசுமை வளையத்தை மேயர் முழுமையாக மீளாய்வு செய்ய வேண்டும் என்பதாகும். அதனை மேயர் ஏற்கவில்லை.

2020 மார்ச்சில் அமைச்சர் ராபர்ட் ஜென்ரிக் தொழிற்சாலை நிலம், வாகன நிறுத்தம், பசுமை வளையம் உள்ளிட்டவை குறித்துத் திருத்த ஆணைகளைப் பிறப்பித்தார். அந்த ஆண்டின் இறுதியில் மேலும் சில ஆணைகள் வந்தன. இவ்வாணைகளுக்கு முன் பொதுமக்களிடம் மீண்டும் கருத்துக் கேட்கப்படவில்லை. சட்டமும் அதனைக் கோருவதில்லை. மூன்று மாதக் கருத்துக் கேட்பும் நான்கு மாத அமர்வும் கடந்து வந்த சொற்றொடர்கள் ஒரு கடிதத்தால் மாறின. திட்டம் 2021 மார்ச் 2 அன்று வெளியிடப்பட்டது.

பிற மண்டலங்கள்

2004ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி இங்கிலாந்தின் ஏனைய எட்டு மண்டலங்களுக்கும் இத்தகைய உத்திகள் வரையப்பட்டன. அவற்றை முதலில் வரைந்த மண்டல மன்றங்கள் மக்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவை அல்ல. வடகிழக்கில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் அமைப்பது குறித்து 2004 நவம்பரில் நடந்த வாக்கெடுப்பில் ஏறத்தாழ 78 விழுக்காட்டினர் வேண்டாம் என்றனர். 2010இல் பதவியேற்ற கூட்டணி அரசு, மேலிருந்து திணிக்கப்படும் வீட்டு இலக்குகள் என்று கூறி இவ்வுத்திகளை நீக்க முனைந்தது. 2011ஆம் ஆண்டின் உள்ளூராட்சிமயச் சட்டம் அதற்கு வழி செய்தது. அவை நீக்கப்பட்டபோது இலண்டன் திட்டம் மட்டும் தொடர்ந்தது. பொறுப்புக் கூறவும் தேர்தலில் தோற்கடிக்கவும் ஒருவர் அங்கு இருந்தமை இதற்கு ஒரு காரணம் எனக் கொள்ளலாம்.

அடுத்த திட்டம்

2025 மே 9 அன்று மேயர் அடுத்த திட்டத்துக்கான தொடக்க ஆவணத்தை வெளியிட்டு, சூன் 22 வரை கருத்துக் கேட்டார். நடுவண் அரசின் புதிய கணக்கீட்டு முறைப்படி இலண்டனின் தேவை ஆண்டுக்கு ஏறத்தாழ 88,000 வீடுகள் ஆகும். முன்னர் ஏற்க மறுத்த பசுமை வளைய மீளாய்வை இம்முறை மேயரே முன்வைத்துள்ளார்.