தண்ணீர்மலைத் தேரும் பாட்டியின் குரலும்



சில ஆண்டுகளுக்கு முன், நிபோங் திபால் பக்கத்தில் ஒரு தோட்டத்து வீட்டில், ஆயுளெல்லாம் பால்மரம் சீவிய ஒரு மூதாட்டியைக் கைபேசியில் படம் பிடித்தேன். சிறுமியாக இருந்தபோது லாரியில் பட்டர்வொர்த் வந்து, பெரி ஏறிப் பினாங்குத் தைப்பூசம் பார்த்த கதையை அவர் முக்கால் மணி நேரம் சொன்னார். வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தேன். முகம் தெளிவாக இருந்தது, குரல்தான் இல்லை. அவர் தலைக்கு மேல் சுற்றிய காற்றாடியின் இரைச்சல் மட்டும் கேட்டது. அடுத்த தைப்பூசத்திற்குள் அவர் காலமாகிவிட்டார். குற்றம் கைபேசியினுடையது அல்ல, என்னுடையது.

இன்று வீட்டுக்கு வீடு கைபேசி உண்டு. தைப்பூசத்திற்கு முதல் நாள் ஜார்ஜ் டவுனில் பினாங்குத் தெருக் கோயில் வீட்டிலிருந்து, 1894-ஆம் ஆண்டைச் சேர்ந்த நகரத்தார் வெள்ளி ரதம் புறப்படுகிறது. 2017 முதல், குயின் ஸ்திரீட் மகாமாரியம்மன் கோயிலிலிருந்து தங்க ரதமும் புறப்படுகிறது. இரண்டையும் படம் பிடிக்காதவர் இல்லை. ஆனால் பிடித்த படம் பத்து ஆண்டுகள் கழித்தும் பார்க்கவும் கேட்கவும் கூடியதாக இருக்குமா? அதற்கான சில வழிகளை இன்று பார்ப்போம்.

முதலில் ஒலி. படம் சற்று மங்கலாக இருந்தாலும் பொறுத்துக் கொள்வோம். பேச்சு விளங்காவிட்டால் அந்தப் படத்தால் பயனில்லை. வெட்டவெளியில், பேசுகிறவரிடமிருந்து நீங்கள் நிற்கும் தூரம் இரட்டித்தால், வந்து சேரும் ஒலியின் வலிமை நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். ஆகவே நெருங்கி நில்லுங்கள். காற்றாடியையும் தொலைக்காட்சியையும் நிறுத்துங்கள். கைபேசியின் அடியில் ஒலிவாங்கிக்காக உள்ள சிறு துளையை விரலால் மூடாதீர்கள். இடையில் அழைப்பு வந்து பதிவு அறுந்து போகாதிருக்க, விமானப் பயண முறையில் போட்டு வையுங்கள்.

வீட்டில் இரண்டு கைபேசி இருக்கிறதா? ஒன்றைப் பாட்டியின் பக்கத்தில் வைத்து ஒலியை மட்டும் பதிவு செய்யுங்கள். மற்றொன்றில் படம் பிடியுங்கள். தொடக்கத்தில் இரண்டு கைபேசியிலும் பதிவாகும்படி ஒருவர் ஒரு முறை கை தட்டட்டும். பிறகு கணினியில் அந்தத் தட்டலை ஒன்றோடொன்று பொருத்தினால் குரலும் உதடும் சேர்ந்துவிடும். உறுமி மேளத்தின் அருகில் இதற்கு நேர்மாறான தொல்லை. சத்தம் அளவு மீறினால் ஒலி கரகரவென்று உடைந்துவிடும். உடைந்த ஒலியைப் பிறகு முழுமையாகச் சீராக்க முடியாது. அங்கே சில அடி பின்வாங்குங்கள். எங்கே ஆனாலும் பத்து விநாடி பதிவு செய்து, கேட்டுப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். அந்தப் பத்து விநாடியைத்தான் நான் அன்று செலவிடவில்லை.

அடுத்தது ஒளி. திருநீறும் வியர்வையும் தேங்காய்த் தண்ணீரும் லென்சில் பட்டால் படம் பனி மூடியது போல் ஆகும். மெல்லிய துணியால் துடையுங்கள். குளிரூட்டிய காரிலிருந்து இறங்கியவுடன் லென்சில் ஆவி படியும். சிறிது நேரம் பொறுங்கள். வெயிலில் வெள்ளித் தேர் பளபளக்கும்போது அதன் முன் நிற்பவரின் முகம் கறுத்துப் போகிறதா? திரையில் அந்த முகத்தின் மேல் விரலை வைத்துச் சிறிது நேரம் அழுத்திப் பிடியுங்கள். பெரும்பாலான கைபேசிகளில் ஒளியின் அளவு முகத்திற்கு ஏற்ப நிலைத்துவிடும்.

குழல் விளக்கின் கீழ் எடுத்த படத்தில் கறுப்புப் பட்டைகள் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஏன்? நம் நாட்டு மின்சாரம் விநாடிக்கு 50 முறை அலைகிறது. அதனால் பல விளக்குகள் விநாடிக்கு 100 முறை கூடிக் குறைகின்றன. நம் கண்ணுக்கு அது தெரிவதில்லை, கேமராவுக்குத் தெரியும். வீடியோ என்பது வரிசையாக ஓடும் நிழற்படங்களே. விநாடிக்கு 30 படம் எடுக்கும்போது அந்த வேகம் விளக்கோடு ஒத்துப் போவதில்லை. 25 அல்லது 50 படமாக மாற்றி, ஷட்டர் வேகத்தை அமைக்க வசதியிருந்தால் விநாடியில் ஐம்பதில் ஒரு பங்காகவோ நூறில் ஒரு பங்காகவோ வையுங்கள். சில கைபேசிகளில் இதைப் 'பால்' முறை என்று குறித்திருப்பார்கள். மரத்துப் பால் என்று நினைத்துவிட வேண்டாம். அது பழைய தொலைக்காட்சி முறை ஒன்றின் பெயர்.

கை நடுங்காதிருக்க முழங்கைகளை விலாவோடு சேர்த்துப் பிடித்து, தூணிலோ சுவரிலோ சாய்ந்து நில்லுங்கள். ஒரு காட்சியை மனத்திற்குள் பத்து எண்ணும் வரை அசைக்காமல் எடுங்கள். ஜூம் செய்து இழுப்பதைவிட நான்கு எட்டு முன்னே நடப்பது மேல். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகள்; ஏறிக்கொண்டே படம் பிடித்தால் பார்க்கிறவருக்குத் தலை சுற்றும், பிடிக்கிறவருக்குக் கால் தவறும். நின்று எடுங்கள், பிறகு ஏறுங்கள்.

இனிப் படத்தொகுப்பு. சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும் என்பது இங்கே முழு உண்மை. எடுக்காததைக் கணினி தராது. ஆனால் நன்றாக எடுத்த படத்திலும் ஒரு தொல்லை வரும். தொடக்கத்தில் பொருந்தியிருந்த பேச்சு, போகப் போக உதட்டை விட்டு விலகிப் போகும். விடியற்காலையிலும் இரவிலும் வெளிச்சம் குறையும்போது, சில கைபேசிகள் அதிக ஒளியை வாங்குவதற்காக விநாடிக்கு எடுக்கும் படங்களைத் தாமாகவே குறைத்துக் கொள்கின்றன. தொகுப்பு மென்பொருளோ வேகம் ஒரே சீராக இருப்பதாக எண்ணிக் கணக்குப் போடுகிறது. அதனால் வருவதே இந்த விலகல். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில், படத்தின் வேகத்தை ஒரே சீராக வைக்கும்படி அமைத்து முதலில் மாற்றிக் கொள்ளுங்கள். பிறகு தொகுக்கத் தொடங்குங்கள். தொகுப்பதற்கு ஷாட்கட் என்ற மென்பொருளும் இலவசமாகக் கிடைக்கிறது.

4கே என்ற அளவில் எடுத்தால் முழு எச்டியைப் போல் நான்கு மடங்கு புள்ளிகள். பழைய கணினி அதைத் தூக்க முடியாமல் திணறும். வீட்டுக் காரியத்திற்கு முழு எச்டி போதும். வெட்டும்போது மூலப் படத்தில் கை வைக்காமல் நகலில் மட்டும் வேலை செய்யுங்கள்.

கடைசியாகச் சேமிப்பு. பென்டிரைவில் இடம் இருந்தும், கோப்பு பெரிதென்று கணினி மறுக்கிறதா? ஃபாட் 32 என்ற முறையில் அமைந்த பென்டிரைவில் 4 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட ஒரே கோப்பு ஏறாது. அதில் இருப்பதை வேறிடத்தில் எடுத்து வைத்துவிட்டு, எக்ஸ்ஃபாட் முறைக்கு மாற்றிக் கொள்ளுங்கள். தவறுதலாகப் படம் அழிந்துவிட்டால் அந்த அட்டையில் வேறு எதையும் பதிவு செய்யாதீர்கள். மேலே எழுதாத வரை மீட்க வழியுண்டு. முக்கியமான படத்திற்கு மூன்று நகல் வேண்டும். அவற்றில் ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும். 2017 நவம்பரில் பினாங்கு மாநிலத்தில் வந்த வெள்ளம் எத்தனையோ வீடுகளுக்குள் புகுந்தது. மூன்று நகலும் ஒரே அலமாரியில் இருந்தால் மூன்றும் ஒன்றாகவே நனையும்.

நேயர்களே, 2014-இல் திறந்த இரண்டாவது பாலம் பெருநிலத்தில் வந்து சேரும் பத்து காவான், ஒரு காலத்தில் தோட்டம். இன்று அங்கே தொழிற்சாலைகளும் புதிய குடியிருப்புகளும் எழுந்துள்ளன. தேர் அடுத்த ஆண்டும் வரும்; இந்த ஆண்டு படம் சரியாக வராவிட்டால் மறு ஆண்டு எடுக்கலாம். தோட்டத்தில் பிறந்து, தோட்டத்தில் உழைத்த பெரியவர்களின் பேச்சு அப்படி அல்ல. இந்த வாரமே ஒரு மாலைப் பொழுதில், காற்றாடியை நிறுத்திவிட்டு, பாட்டியின் பக்கத்தில் உட்காருங்கள். பத்து விநாடி சோதித்துப் பாருங்கள். பிறகு, "பாட்டி, அந்தக் காலத்துத் தைப்பூசம் எப்படி இருந்தது?" என்று கேளுங்கள்.