லாகூர் விட்டுக்கொடுத்த சிற்பங்கள்

சண்டிகர் போகிறவர்கள் பெரும்பாலும் சுக்னா ஏரியையும் பாறைத் தோட்டத்தையும் பார்த்துவிட்டுச் சிம்லாவுக்கு பஸ் ஏறிவிடுகிறார்கள். இந்த நகரம் ஏன் கட்டப்பட்டது என்று அறிய விரும்புகிறவர்கள் முதலில் செக்டர் 10-இல் உள்ள அரசு அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும்.

1947-இல் நாடு பிரிந்தபோது பஞ்சாபின் தலைநகரான லாகூர் பாகிஸ்தானுக்குப் போயிற்று. இந்தியப் பக்கம் மிஞ்சிய பஞ்சாபுக்குப் புதுத் தலைநகரம் தேவைப்பட்டது. அதற்குப் பிறந்ததுதான் சண்டிகர். லாகூர் அருங்காட்சியகத்தையும் பாகப்பிரிவினை விடவில்லை. பாகிஸ்தானுக்கு 60 சதவீதம், இந்தியாவுக்கு 40 சதவீதம் என்று சேகரிப்பைப் பிரித்தார்கள். நம் பங்காக வந்த காந்தாரச் சிற்பங்கள் அம்ரித்சர், சிம்லா, பாட்டியாலா என்று ஊர் ஊராக அலைந்து, 1968-இல்தான் இந்தக் கட்டடத்தில் நிலைகொண்டன. கட்டடத்தை வடிவமைத்த லே கார்புசியே அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே காலமாகிவிட்டார்.

காந்தாரக் கூடத்தில் அவசரப்படக் கூடாது. கூரையோரமாக இறங்கும் வெளிச்சத்தில், சாம்பல் நிறக் கல்லில் புத்தரின் மேலாடை மடிப்பு மடிப்பாக விழுகிறது. சுருண்ட கூந்தலிலும் முகவெட்டிலும் கிரேக்கச் சாயல். இவற்றோடு ஒரே கூரையின் கீழ் இருந்த, எலும்பும் நரம்புமாய்த் தவமிருக்கும் புகழ்பெற்ற சித்தார்த்தர் சிலை லாகூரிலேயே தங்கிவிட்டது. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்க நம்மில் எத்தனை பேருக்கு விசா கிடைக்கும்? எனக்கு இது ஆறாத வருத்தம்.

பழைமையின் தளையில்லாத நகரம் வேண்டும் என்றார் நேரு. அதை வரையத் தொடங்கியவர் அமெரிக்கரான ஆல்பர்ட் மேயர். அவருடைய கூட்டாளி நொவிக்கி 1950-இல் விமான விபத்தில் இறந்த பிறகே லே கார்புசியே வந்தார். சட்டமன்றம், உயர் நீதிமன்றம், தலைமைச் செயலகம் கொண்ட அவருடைய வளாகம் 2016-இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது.

ஆனால் இங்கே வெற்றுநிலம் கிடக்கவில்லை. நகருக்காகப் பல கிராமங்கள் இடிக்கப்பட்டன. அந்த இடிபாடுகளைச் சேகரித்துச் சாலை ஆய்வாளர் நேக் சந்த் பல ஆண்டுகள் ரகசியமாக உருவாக்கியதுதான் பாறைத் தோட்டம். அருங்காட்சியகம் பார்த்த பிறகு அங்கே போனால், உடைந்த வளையலும் பீங்கானும் யார் வீட்டுடையவை என்று கேட்கத் தோன்றும்.

திங்கட்கிழமை அருங்காட்சியகம் மூடியிருக்கும். சட்டமன்ற வளாகத்தைச் சுற்றுலாத் துறை வழிகாட்டியுடன்தான் பார்க்க முடியும்; புகைப்பட அடையாள அட்டை அவசியம்.