வெளிச்சம் நுழையாத ஒட்டு

கிட்டாரின் முன்பலகையை உற்றுப் பாருங்கள். நடுவில் மேலிருந்து கீழாக மெல்லிய கோடு ஒன்று தெரியும். நன்றாகச் செய்த கிட்டாரில் அதைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். இரண்டு பலகைகள் ஒட்டப்பட்டிருக்கும் இடம் அது.

எஃகுக் கம்பி கட்டிய கிட்டாரில் ஆறு கம்பிகளும் சேர்ந்து ஏறத்தாழ 70 கிலோ எடைக்கு நிகரான விசையுடன் இழுக்கின்றன. அதைத் தாங்கும் முன்பலகையின் கனமோ சுமார் 3 மில்லிமீட்டர்தான். நடு ஒட்டு பலவீனமாக இருந்தால் நாளடைவில் விரிசல் விடும், ஓசையும் கெடும்.

நம் தஞ்சாவூர் வீணையிலும் இரு வகை உண்டு. ஒரே பலாக்கட்டையில் குடைந்தெடுப்பது ஏகாண்ட வீணை. பகுதிகளைத் தனித்தனியே செய்து பொருத்துவது ஒட்டு வீணை. கிட்டாரின் முன்பலகையோ பெரும்பாலும் ஒட்டுதான். ஒரே கட்டையை மெல்லியதாக அறுத்து, புத்தகம்போல் விரித்து, இரு ஓரங்களையும் சேர்க்கிறார்கள்.

இடைவெளியைப் பசை நிரப்பிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. தச்சர்கள் பயன்படுத்தும் வெள்ளைப் பசையில் உள்ள நீர் வெளியேறும்போது பசை சுருங்கும். தடித்த பசைப் படலம் பலமற்றது. மரமும் மரமும் நெருங்கித் தொட்டால் மட்டுமே ஒட்டு மரத்தைவிட உறுதியாக நிற்கும்.

ஆகவே, உண்மையான வேலை பசையைத் திறப்பதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. இரு பலகைகளையும் மூடிய புத்தகம்போல் அடுக்கி, ஓரங்களை ஒன்றாக இழைப்புளியால் சீவ வேண்டும். இழைப்புளி ஒரு பாகை சாய்ந்தால் ஓர் ஓரம் 91 பாகை, மற்றது 89 பாகை. விரித்துச் சேர்க்கும்போது கூட்டுத்தொகை 180, பிழை கழிந்துவிடும். ஆனால், ஓரத்தின் நடுவில் குழி விழுந்தால் இரு பக்கமும் சேர்ந்து அது இரட்டிப்பாகும். கணிதப் பாடம் பட்டறையிலும் உதவுகிறது!

பிறகு இரு ஓரங்களையும் சேர்த்துச் சன்னல் முன் பிடித்துப் பார்க்க வேண்டும். எங்காவது வெளிச்சம் கசிந்தால் மீண்டும் சீவ வேண்டும். கசியாவிட்டால் தாமதிக்காமல் பசை தடவி, மிதமாக அழுத்தி வைக்க வேண்டும். மிகையாக அழுத்தினால் மெல்லிய பலகை வளையும். பசையும் பிதுங்கி வெளியேறிவிடும்.

நம் நாட்டில் இன்னொரு சவாலும் உண்டு. காற்றின் ஈரப்பதம் பல வேளைகளில் 80 விழுக்காட்டைத் தாண்டுகிறது. ஈரத்தில் உப்பிய பலகையை அப்படியே ஒட்டிக் குளிர்சாதன அறைக்குக் கொண்டுசென்றால் அது சுருங்கிப் பிளக்கலாம். அதனால் கிட்டார் தயாரிப்போர் அறையின் ஈரப்பதத்தை 45 முதல் 50 விழுக்காட்டில் வைக்கிறார்கள்.

இந்தச் சவாலை வென்றவர்கள் இங்கேயே இருக்கிறார்கள். கோலாலம்பூரின் ஜெஃப்ரி யோங், சாலையோரங்களில் நிழல் தரும் தூங்குமூஞ்சி மரத்தைக் கொண்டு செய்த கிட்டார், 2006இல் அமெரிக்காவில் நடந்த கிட்டார் தயாரிப்பாளர் மாநாட்டின் கேட்புச் சோதனையில் முதலிடம் பெற்றது. எந்தக் கிட்டார் யாருடையது என்று கேட்போருக்குச் சொல்லாமல் நடத்திய சோதனை அது.

மாணவர்களே, மேரு வட்டாரத்தில் மரத் தளவாடத் தொழிற்சாலைகளுக்குக் குறைவில்லை. கழிவுத் துண்டுகள் இரண்டைக் கேட்டு வாங்குங்கள். சீவி, வெளிச்சத்தில் சோதித்து, ஒட்டி, ஒரு நாள் கழித்து உடைத்துப் பாருங்கள். ஒட்டு பிரிந்தால் மீண்டும் முயலுங்கள். ஒட்டு நிற்க, பக்கத்து மரம் உடைந்தால் நீங்கள் தேர்ச்சி பெற்றுவிட்டீர்கள்.